ஒரு முழ எஃகும் ஆக்சிஜனும்

இரும்பைக் காற்றில் போட்டுவைத்தால் துருப்பிடிக்கிறது. செம்பு களிம்பேறுகிறது. மரத்திலிருந்து வடியும் பால் கறுத்துக் கெட்டியாகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: காற்றிலுள்ள ஆக்சிஜன், கூடவே கொஞ்சம் ஈரம். உலோகத்தைக் கையாண்ட எல்லாச் சமூகங்களும் இந்த இரண்டோடும் ஓயாமல் மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. எண்ணெய் தடவினார்கள், ஈயம் பூசினார்கள், புளி போட்டுத் தேய்த்தார்கள்.

ஜப்பானின் வாள் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் இதற்கும் மேலே ஒரு படி போனார்கள். ஆக்சிஜனை எங்கே அண்டவே விடக்கூடாது, எங்கே அளந்து விட வேண்டும், எங்கே நூற்றாண்டுக் கணக்கில் அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்று பாகுபடுத்தி வைத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் என்ற பெயரே உலகில் இல்லாத காலத்திலிருந்து அவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். அந்த அறிவு முழுவதையும் ஒரே பொருளில் காண வேண்டுமென்றால் ஜப்பானில் ‘எதோ’ என்று பெயர்பெற்ற காலத்து வாகிசாஷி ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும்.

வாகிசாஷி என்பது குட்டை வாள். ஜப்பானிய அளவையில் ஒரு ஷாகு என்பது 30.3 சென்டிமீட்டர். அலகின் நீளம் இரண்டு ஷாகுவுக்கு மேல் போனால் அது கதானா. ஒரு ஷாகுவுக்குக் குறைந்தால் தாந்தோ என்ற குத்துவாள். இடைப்பட்டது வாகிசாஷி, ஏறக்குறைய ஒரு முழம். ஷோகுன் எனப்பட்ட படைத்தலைவர்களாகத் தொக்குகாவா குடும்பத்தார் ஆண்ட எதோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, சாமுராய்கள் நெடுவாளையும் குட்டை வாளையும் ஜோடியாக இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பிறர் வீட்டுக்குள் போகும்போது நெடுவாளைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். குட்டை வாள் இடுப்பிலேயே இருக்கும். நெடுவாள் அணியும் உரிமை இல்லாத வணிகர்களும் பயணத்தின்போது குட்டை வாள் வைத்துக்கொள்ளலாம். போர் ஓய்ந்த காலம், கையில் காசு புரளும் நகரங்கள், எப்போதும் கண்ணில் படும்படி இடுப்பில் ஒரு வாள். குட்டை வாளின் அலங்காரத்தில் கைவினைஞர்கள் இத்தனை உழைப்பைக் கொட்டியதற்கு இந்தச் சூழலே காரணம்.

அலகு வேறு, அதன் அணிகள் வேறு என்பதையும் முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். உறை, கைப்பிடி, கைக்காப்பு எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். 15ஆம் நூற்றாண்டில் அடித்த அலகு 19ஆம் நூற்றாண்டின் அணிகளுக்குள் இருப்பது சாதாரணம். நாமும் அதைக் கழற்றியே பார்ப்போம், வெளியிலிருந்து உள்ளே.

உறை: ஈரத்தில் உலரும் பூச்சு

உறை ஹோ என்ற மரத்தால் ஆனது. மக்னோலியா இனத்தைச் சேர்ந்த இந்த மரத்தில் பிசின் குறைவு. எஃகை அரிக்கும் பொருள்களும் குறைவு. மென்மையானதால் அலகைக் கீறாது. மரத்தை இரண்டாகப் பிளந்து, அலகின் வடிவத்துக்குக் குடைந்து, சோற்றை மசித்த பசையால் மீண்டும் ஒட்டுகிறார்கள். வலிமையான பசை கைவசம் இருந்தும் சோற்றுப் பசையைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே துரு சேர்ந்தால் உறையைச் சேதமில்லாமல் மறுபடி பிளந்து சுத்தம் செய்யலாம்.

அந்த மரத்தின் மேல் பளபளக்கும் கறுப்புப் பூச்சு உருஷி மரத்தின் பால். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரத்தின் பட்டையைக் கீறிக் கீறி எடுத்தால் மொத்தமாகக் கிடைப்பது ஏறக்குறைய 200 கிராம். அந்தப் பாலில் பெரும்பகுதி உருஷியால் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருள். கால்பங்குக்குச் சற்று கூடுதலாக நீர். மிகச் சிறிய அளவில் லாக்கேஸ் என்ற நொதி.

சாதாரண வண்ணப்பூச்சு, நீரோ கரைப்பானோ ஆவியாகிப் போவதால் உலர்கிறது. உருஷி நேர்மாறானது. வறண்ட அறையில் வைத்தால் அது பிசுபிசுவென்றே கிடக்கும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 70 முதல் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள அலமாரிக்குள் வைத்தால்தான் இறுகும். காரணம், அங்கே நடப்பது உலர்தல் அல்ல, ஒரு வேதிவினை. செம்பு அணுக்களைத் தன்னுள் கொண்ட லாக்கேஸ் நொதி காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி, உருஷியால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிப் பெரிய வலையாக்குகிறது. அந்த நொதி வேலை செய்ய ஈரம் தேவை. ஜப்பானிய வேதியியலாளர் யோஷிதா ஹிக்கோரொக்குரோ 1883ஆம் ஆண்டில் இந்த நொதியின் செயலை விவரித்தார். நொதிகளைப் பற்றிய ஆராய்ச்சியின் தொடக்க காலக் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. கைவினைஞர்களின் ஈர அலமாரி அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது.

இறுகிய உருஷியை அமிலமோ காரமோ எளிதில் தொடுவதில்லை. பாலில் சிறிது இரும்பு சேர்த்தால் உருஷியாலோடு வினைபுரிந்து ஆழ்ந்த கறுப்பாகிவிடும். வாள் உறைகளின் மைக்கறுப்பு அப்படி வந்ததே. இறுகாத பச்சை உருஷியோ தோலில் பட்டால் கொப்புளம் கிளப்பும். மாங்காய்க் காம்பை ஒடித்ததும் பீறிடும் பால் பட்டு உதடு வெந்துபோனவர்களுக்கு இந்த எரிச்சல் புதிதல்ல. உருஷி மரமும் மாமரமும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரியும், சலவைத் துணிக்கு அழியாத குறி போடப் பயன்பட்ட சேங்கொட்டையும் அதே குடும்பத்தவைதான். தோலைப் புண்ணாக்கும் வேதிப்பொருள்களும் உறவுமுறை உள்ளவையே.

கைப்பிடி: திருக்கையின் பற்கள்

உறையை உருவிவிட்டால் கைப்பிடி தெரியும். பட்டுப் பின்னல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, இடையிடையே சாய்சதுர இடைவெளிகள் விட்டிருக்கிறது. அந்த இடைவெளிகளில் வெள்ளை மணிகள் பதித்ததுபோல் தெரிவது திருக்கை மீனின் தோல்.

அந்த மணிகள் செதில்களாகத் தோன்றினாலும் அமைப்பில் அவை பற்கள். நம் பல்லில் உள்ளதுபோலவே உள்ளே டென்டைன், மேலே எனாமல் போன்ற கடினமான உறை, நடுவே கூழ் இருந்த குழி. சுறாவுக்கும் திருக்கைக்கும் தோல் முழுவதும் பல் முளைத்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அவற்றின் கனிமம் கால்சியம் பாஸ்பேட். ஏற்கெனவே முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைந்த பொருள் அது; காற்று அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. மணிகளின் சொரசொரப்பு பட்டுப் பின்னலை நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. காய்ந்து இறுகிய தோல் உள்ளிருக்கும் மரத்துக்கு வலுச் சேர்க்கிறது.

பெரிய மணிகள் கொண்ட நல்ல தோல் வெதுவெதுப்பான கடல்களிலிருந்துதான் வர வேண்டும். ஜப்பான் வெளியுலகத்தோடு தன் தொடர்பைச் சுருக்கிக்கொண்ட 17ஆம் நூற்றாண்டிலும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சயாமிலிருந்து திருக்கைத் தோலையும் மான்தோலையும் நாகசாகிக்கு ஏற்றிச் சென்றன. கப்பல் கப்பலாகத் தோல் வாங்கியதிலிருந்தே வாள் அணிகளுக்கு இருந்த தேவையை மதிப்பிடலாம்.

கைக்காப்பு: களிம்பேற்றி வரைந்த படம்

கைப்பிடியைக் கழற்ற ஒரு சிறு பித்தளைச் சுத்தியல் போதும். அலகையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்திருப்பது குறுக்கே செருகிய ஒரேயொரு மூங்கில் முளை. அதைத் தட்டி எடுத்தால் எல்லாம் பிரிந்துவிடும். உலோக ஆணி துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். நீள நீளமான நார்களால் ஆன மூங்கில் துருப்பிடிப்பதில்லை. அதிர்ச்சியில் பொட்டென்று முறிவதும் இல்லை.

இப்போது கையில் வருபவை உலோக அணிகள்: த்சுபா என்ற தட்டையான கைக்காப்பு, கைப்பிடியின் இரு முனைகளிலும் உள்ள மூடிகள், பட்டுப் பின்னலுக்கு அடியில் ஒளிந்திருந்த சிறு சிற்பங்கள், உறையின் பக்கவாட்டில் செருகியிருந்த சிறுகத்தியின் பிடி. 15ஆம் நூற்றாண்டில் அஷிக்காகா ஷோகுன் யோஷிமாசாவிடம் பணியாற்றிய கோதோ யூஜோ தொடங்கிவைத்த மரபு, கோதோ குடும்பத்தின் 17 தலைமுறைகளுக்கு நீடித்தது. அவர்களுடைய அடையாள உலோகம் ஷாகுதோ.

ஷாகுதோ என்பது செம்பும் சிறிது பொன்னும் கலந்தது. பொன்னின் பங்கு பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம். உருக்கி வார்த்ததும் அதைப் பார்த்தால் செம்பிலிருந்து பிரித்தறிவது கடினம். சிற்பி அந்த நிலையில்தான் செதுக்குகிறார். பிறகு சாம்பலும் கரிப்பொடியும் கொண்டு எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துலக்கி, துருவிய வெள்ளை முள்ளங்கியைத் தடவி, செம்புக் களிம்பும் மயில்துத்தமும் கரைத்த கொதிநீரில் இறக்குகிறார். நீருக்குள்ளேயே உலோகம் நிறம் மாறத் தொடங்குகிறது. வெளியே எடுக்கும்போது நீலமும் ஊதாவும் ஓடும் கருமை.

அந்தக் கருமை பூசியது அல்ல. உலோகத்தின் மேற்பரப்பே குப்ரஸ் ஆக்சைடாக மாறியிருக்கிறது. அந்தப் படலத்தின் தடிமன் மிக மிகச் சிறியது. வெறும் செம்பை அதே நீரில் இறக்கினால் செம்பழுப்புத்தான் கிடைக்கும். பொன் அணுக்கள் அந்தப் படலத்துக்குள் நுண்ணிய அளவில் சிதறி, ஒளியை அது விழுங்கும் விதத்தை மாற்றுவதால் ஷாகுதோவில் செம்பழுப்பு கருமையாகிறது. செம்போடு ஏறத்தாழக் கால்பங்கு வெள்ளி கலந்த ஷிபுஇச்சி அதே நீரில் சாம்பல் நிறம் கொள்ளும். தூய பொன்னும் வெள்ளியும் நிறம் மாறாமல் நிற்கும்.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு த்சுபாவில் ஷாகுதோ இரவு வானம், ஷிபுஇச்சி மேகம், வெள்ளி நிலா, செம்பு இலைகள் என்று பதித்திருக்கிறார் என வைத்துக்கொள்வோம். செதுக்கும்போது இரவுக்கும் இலைக்கும் கண்ணுக்கு வேற்றுமை இல்லை, இரண்டும் செம்புநிறம். படத்தின் வண்ணங்கள் அனைத்தும் சிற்பியின் மனத்துக்குள் மட்டுமே இருக்கின்றன. கடைசியில் எல்லா உலோகங்களும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாகக் கொதிக்க, ஒவ்வொன்றும் தன் கலவைக்கு ஏற்ற நிறத்தை எடுத்துக்கொள்கிறது. உலோகக் கலவையின் விகிதமே அவருக்கு வண்ணப்பெட்டி.

கருமையைப் பின்புலமாக்கும் இடங்களில் நனாகோ என்ற வேலைப்பாடு இருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அரைக்கோள மணிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நுனி குழிந்த ஓர் உளியை ஒரு தட்டு தட்டினால் ஒரு மணி எழும். அடுத்த மணி அதை ஒட்டியபடி, அதே ஆழத்தில், அதே வரியில் எழ வேண்டும். ஓரிடத்தில் கை பிசகினால் முழுப் பரப்பும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கென்றே தனிக் கைவினைஞர்கள் இருந்தார்கள். அந்த மணிகளின் உச்சியில் விழும் ஒளிப்புள்ளிகள் கருமையை இன்னும் ஆழமாகக் காட்டுகின்றன.

இரும்புக் கைக்காப்புகளும் உண்டு. அவற்றுக்கு வேண்டுமென்றே துருவேற்றி, கட்டுப்படுத்திய துருவைத் தேயிலைக் கஷாயத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள டேனின் உதவியால் கரும்பழுப்பாக நிலைபெறச் செய்வார்கள். அழிக்க வந்த துரு அங்கே காவலுக்கு நின்றுவிடுகிறது.

வால்: தொடக்கூடாத துரு

அணிகள் எல்லாம் போனபின் எஞ்சுவது அலகும் கைப்பிடிக்குள் மறைந்திருந்த அதன் வாலும். நகாகோ எனப்படும் இந்த வாலில்தான் கொல்லர் தம் பெயரை உளியால் பொறிக்கிறார். அரத்தால் கோடிட்ட தடங்களும் இருக்கும். இந்தப் பகுதியை யாரும் மெருகேற்றுவதில்லை, எண்ணெய் போட்டுத் துலக்குவதும் இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் செந்துரு கறுத்து, அடர்ந்து, வழவழப்பாகிறது. மதிப்பீட்டாளர் வாளின் வயதைக் கணிக்க முதலில் பார்ப்பவற்றில் இந்தத் துருவின் நிறமும் தோலும் அடங்கும். பெயர் பழையதாகவும் துரு புதிதாகவும் இருந்தால் ஐயம் எழும். நெடுவாளைப் பின்னாளில் வெட்டிக் குட்டை வாளாக்கியிருந்தால் வாலில் முளைக்கான துளைகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். எவ்வளவு வெட்டினார்கள் என்பதற்கும் அங்கேயே தடயம் கிடைக்கும்.

நல்ல எண்ணத்தோடு யாராவது இந்த வாலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பல நூற்றாண்டுச் சான்று சில நிமிடங்களில் போய்விடும். திரும்பக் கிடைக்கவே கிடைக்காது.

அலகு: ஆக்சிஜனோடு ஓட்டப்பந்தயம்

இனி அலகு. இதன் கதை இரும்பு மணலில் தொடங்குகிறது. ஜப்பானின் ஷிமானே மாவட்டத்து ஒக்குஇசுமோ மலைகளில் பாஸ்பரசும் கந்தகமும் மிகக் குறைந்த இரும்பு மணல் கிடைக்கிறது. களிமண்ணால் கட்டிய ததாரா உலையில் அந்த மணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று நாள் இரவு பகலாகக் காற்றூதுகிறார்கள். இரும்பு மணல் என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு போகிறது. கடைசியில் உலையை உடைத்து எடுக்கும் பெரும்பாளத்தின் எடை இரண்டு டன்னுக்கும் மேல். அதில் வாளுக்கேற்ற தமஹகானே எஃகு ஒரு பகுதிதான். 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம், அணைந்துபோயிருந்த இந்த உலையை 1977இல் ஒக்குஇசுமோவில் மறுபடி மூட்டியது. குளிர்காலத்தில் இன்றும் அது எரிகிறது.

தமஹகானேயில் கார்பன் சீராக இருப்பதில்லை. பெரும்பாலும் 1 முதல் 1.5 சதவீதம் இருக்கும். வாளுக்கு இது அதிகம். கொல்லர் அதைக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நீட்டி, மடித்து, மறுபடி அடிக்கிறார். ஒவ்வொரு காய்ச்சலிலும் காற்றின் ஆக்சிஜன் எஃகிலிருந்து கொஞ்சம் கார்பனை எரித்து வெளியேற்றுகிறது. கசடும் பிதுங்கி வெளியேறுகிறது. 10 முறை மடித்தால் 1024 அடுக்கு. 15 முறை மடித்தால் 32,768. அதற்குமேல் மடித்தால் கார்பன் மிதமிஞ்சிக் குறைந்து எஃகு மழுங்கிப்போகும். இந்தக் கார்பன் இழப்பைக் கட்டுப்படுத்தக் கொல்லர் செய்யும் வேலை எளியது. உலைக்குள் போகுமுன் எஃகை வைக்கோல் சாம்பலில் புரட்டி, களிமண் கரைசலை ஊற்றுகிறார். சூட்டில் அது கண்ணாடி போல் உருகிக் காற்றை மறைக்கிறது. சாம்பலின் தடிமனாலேயே ஆக்சிஜனை அளக்கிறார் என்று சொல்லலாம். கடைசியில் நிற்கும் கார்பன் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 சதவீதம், கூர்மைக்கும் உறுதிக்கும் ஏற்ற அளவு.

அடுத்தது தோய்ச்சல். களிமண், கரிப்பொடி, சாணைக்கல் பொடி மூன்றையும் குழைத்து, முதுகுப்புறம் தடிப்பாகவும் விளிம்புப்புறம் மெல்லியதாகவும் பூசுகிறார். சூட்டின் நிறத்தைக் கண்ணால் கணிக்க வேண்டியிருப்பதால் பட்டறையை இருட்டாக்கிக்கொள்கிறார். 750 முதல் 800 டிகிரி அளவில் அலகு முழுவதும் ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்புக்கு மாறுகிறது. கார்பன் அதில் தாராளமாகக் கரைந்திருக்கும். அப்படியே தண்ணீரில் இறக்குகிறார்.

அதன்பின் நடப்பது சில நொடிகளின் கதை. மண் மெல்லியதாக உள்ள விளிம்பு சட்டென்று குளிர்கிறது. வெளியேற நேரமில்லாமல் கார்பன் அணுக்கள் சிக்கிக்கொள்ள, அந்த விளிம்பு மார்ட்டன்சைட் என்ற மிகக் கடினமான படிகமாகிறது. மண் தடித்த முதுகு நிதானமாகக் குளிர்ந்து பெர்லைட் என்ற மென்மையான அமைப்பை அடைகிறது. மார்ட்டன்சைட் தான் பிறந்த ஆஸ்டெனைட்டைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். முதலில் குளிர்ந்து சுருங்கும் விளிம்பு அலகைக் கீழ்நோக்கி வளைக்கிறது. மார்ட்டன்சைட் உருவானதும் விளிம்பு விரிந்து அலகை எதிர்ப்பக்கம் வளைக்கிறது. ஜப்பானிய வாளின் வளைவு பெருமளவு இப்படித் தண்ணீருக்குள் பிறப்பது. இந்த இழுபறியில் சில அலகுகள் விரிசல் கண்டுவிடும். மாதக்கணக்கான உழைப்பு அந்த ஒரு நொடியில் போவதும் உண்டு.

கடினமும் மென்மையும் சந்திக்கும் எல்லையே ஹமோன் என்ற அலைக்கோடு. மெருகேற்றுபவர் பல்வேறு இயற்கைச் சாணைக்கற்களால் படிப்படியாகத் தேய்த்து, இறுதியில் விரல்நுனி அளவுள்ள மெல்லிய கல்துண்டுகளால் அதை வெளிக்கொணர்கிறார். இறுதிக் கற்கள் கியோத்தோவை அடுத்த மலைகளிலிருந்து வருபவை. ஆழ்கடலில் படிந்து உருவான பாறை. விளக்கொளியில் அலகைச் சாய்த்துப் பார்த்தால் அலைக்கோட்டை ஒட்டித் தனித்தனியாக மின்னும் துகள்கள் தெரியும். அவை கண்ணுக்கு எட்டும் அளவு பெரிய மார்ட்டன்சைட் தொகுதிகள். வாள் அறிந்தவர்கள் அவற்றை நியே என்பார்கள். தனித்தனியாகத் தெரியாமல் மூடுபனியாகப் பரவியிருந்தால் நியோய். உலோகவியலாளர் நுண்ணோக்கியில் காணும் படிக அமைப்பை, நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே அவர்கள் வெறும் கண்ணால் வகைப்படுத்தி ரசித்திருக்கிறார்கள்.

தோக்கியோவில் பேராசிரியராக இருந்த தவாரா குனிஇச்சி வாள்களை வெட்டி அவற்றின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவருடைய முடிவுகள் 1953இல் நூலாக வந்தன. வெட்டாமல் பார்க்கும் வழி பிறகு வந்தது. எஃகு எக்ஸ் கதிர்களை விரைவில் தடுத்துவிடும். மின்னூட்டம் இல்லாத நியூட்ரான்களோ சில சென்டிமீட்டர் எஃகைக்கூட ஊடுருவும். பிளாரன்ஸ் நகரின் ஸ்டிபர்ட் அருங்காட்சியகத்து ஜப்பானிய வாள்கள் இங்கிலாந்தின் ஐசிஸ் நியூட்ரான் ஆய்வுக்கூடத்தில் இப்படிப் பரிசோதிக்கப்பட்டன. கீறல்கூட விழாமல் உள்ளிருக்கும் படிக அமைப்பையும் கார்பன் பரவலையும் அறிய முடிந்தது.

இரண்டு பெட்டிகள்

1876ஆம் ஆண்டில், ஷோகுன்களுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணியத் தடை விதித்தது. வாள் அணிகளைச் செய்தே பிழைத்த சிற்பிகள் ஒரே நாளில் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். அவர்களுள் தலைசிறந்தவரான கானோ நத்சுவோ அதற்கு முன்பே புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவமைத்துக் கொடுத்திருந்தார். பின்னர் தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியரானார். உளிக்கும் கலவைக்கும் வேறு வழி பிறந்தது.

எஞ்சிய வாள்களைக் காப்பது இன்று வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. எஃகு வறட்சியைக் கேட்கிறது. மரமும் உருஷியும் வறண்டால் சுருங்கி வெடிக்கும். வலுவான ஒளியில் உருஷி மங்கும். அலகுக்கு அவ்வப்போது பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். மரபாக அது கிராம்பு எண்ணெய் மணத்தோடு இருக்கும். அதே எண்ணெய் வாலின் துருவிலும் ஷாகுதோவின் கருமையிலும் தேய்க்கத் தேவையில்லை. இப்படி ஒன்றுக்கொன்று ஒவ்வாதவற்றை ஒரே பெட்டியில் வைப்பதைவிடப் பிரித்து வைப்பதே மேல். ஆகவே அலகு பூச்சில்லாத ஹோ மர உறைக்குள் ஓய்வெடுக்கிறது. அணிகளுக்குள் அலகின் வடிவில் செதுக்கிய ஒரு மரக்கட்டை செருகி, அவற்றை ஒருங்கே நிறுத்தித் தனியாக வைக்கிறார்கள்.

பழம்பொருளைக் காப்பது என்றால் அதைப் புதிதுபோல் ஆக்குவது என்று நினைப்பவர்கள் அதிகம். இந்த ஒரு முழ எஃகு அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. அலகில் ஒரு புள்ளித் துருவும் கூடாது; கைக்காப்பின் ஆக்சைடு ஓர் இழைகூடக் குறையக் கூடாது; வாலின் துருவை விரலால்கூடத் தேய்க்கக் கூடாது. மூன்றும் ஒரே ஆக்சிஜனின் வேலைதான். எதைத் தடுப்பது, எதைப் போற்றுவது என்ற தீர்ப்பு மனிதர்களுடையது. பழைய உலோகம் எதைக் கையில் எடுத்தாலும், துலக்கத் தொடங்கும் முன் அந்தத் தீர்ப்பை நாமும் சொல்லியாக வேண்டும்.